லைன் ரெண்டுல இருந்தது

என் மேசை இழுப்பறையில் ஒரு கம்பியைச் சுருட்டி வைத்திருக்கிறேன். சாம்பல் நிறம், சுண்டுவிரல் தடிமன், இரண்டு முனையிலும் தட்டையான தலை. ஒரு தலைக்குப் பக்கத்தில், டிஸ்பென்சரியில் புண்ணுக்குப் போடும் வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்துச் சுற்றி, நீலப் பேனாவால் இரண்டு சொற்கள் எழுதப்பட்டிருக்கின்றன: ‘லைன் ரெண்டு.’ எழுதியவர் எங்கள் டைப்பிஸ்டு அக்கா. இந்தக் கம்பி இன்றைக்கு எந்த மெஷினிலும் பொருந்தாது. வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் என் மனைவி அதைக் கையில் எடுத்து, இதை எறியலாமா என்று கேட்பாள். வேண்டாம் என்பேன். ஏன் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன். இத்தனை வருடமும் அவள் என்னைச் சந்தேகப்படாமல் இருப்பது அவளுடைய நல்ல மனசு. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இந்நேரம் இழுப்பறையையே பிரித்துப் பார்த்திருப்பேன்.

சந்தேகம் எனக்குக் கூடவே பிறந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் சிரித்தால் என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். பிரிஞ்சாங்குக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீஸில் எண்பதுகளில் நான் சின்னக் கிராணியாக இருந்தேன். கிராணி என்றால் கணக்குப்பிள்ளை வேலை. பெரிய கிராணி ஒருவர் எனக்கு மேலே. அவருக்கும் மேலே துரை. துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரர் போய் நாளாகிவிட்டது, நாற்காலியோடு சேர்ந்து பட்டம் மட்டும் நம் நாட்டு மேனேஜருக்கு வந்துவிட்டது. நான் ஆபீஸ்காரன் ஆனாலும் பிறந்து வளர்ந்தது லைனில்தான். தொழிலாளர் குடியிருக்கும் நீள வரிசை வீடுகளைத்தான் லைன் என்போம். எங்கள் தோட்டத்தில் மூன்று லைன்கள். அம்மாவும் நானும் இரண்டாவது லைனில் ஏழாம் நம்பர் வீட்டில் இருந்தோம். வீடு அம்மா பேரில். அம்மா அப்போதும் தினமும், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்குப் போய், கத்திரியும் கூடையுமாக மலையேறிக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

டைப்பிஸ்டு அக்கா லைன்காரர் அல்ல. கம்போங் ராஜாவிலிருந்து காலையில் காய்கறி லோரி வரும் நேரத்துக்கு, அண்ணன் ஓட்டும் லோரியில் ஏறி வந்து எங்கள் சாலை முனையில் இறங்குவார். பனியில் நனைந்த ஸ்வெட்டரை நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, டைப் மெஷின் உறையை எடுத்து மடித்து வைப்பார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “என்னா கிராணி, இன்னைக்கு யார்மேல சந்தேகம்?” என்றுதான் ஆரம்பிப்பார். ஆபீஸில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் உள்ளுக்குள் உறுத்தும். வெளியூர்க்காரர், லைனில் அவருக்கு வீடும் இல்லை, உறவும் இல்லை; துரையின் கடிதமெல்லாம் அவர் கை வழியாகத்தான் போகிறது. எதை டைப் அடித்தாலும் முடிந்ததும் கார்பன் தாளைக் கசக்கி, தேநீர் போடும் அடுப்பில் எறியும் வழக்கம் அவருக்கு இருந்தது. துரை அப்படிச் செய்யச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும், எதை மறைக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் மழைக்காலத்தில் கோலாலம்பூர் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு மெஷின் வந்து இறங்கியது. கம்ப்யூட்டர் என்ற சொல்லையே அப்போதுதான் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். அது யூனிக்ஸ் என்கிற முறையில் ஓடுவது, ஒரே நேரத்தில் பல பேர் வேலை செய்யலாம் என்றார், ஈப்போவிலிருந்து அதைப் பொருத்த வந்த தமிழ்ப் பையன். இரும்புப் பெட்டியை மருந்துச் சாமான் வைத்திருந்த சின்ன அறையில் வைத்தார்கள். ஈரம் பிடிக்காமலிருக்க பக்கத்தில் ஒரு மஞ்சள் பல்பு எந்நேரமும் எரியும். அந்தப் பெட்டியிலிருந்து மூன்று கம்பிகள் கிளம்பின, இரண்டு சுவரை ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே போயின. ஒன்று அக்காவின் மேசையிலிருந்த திரைக்கு, ஒன்று துரையின் அறையிலிருந்த திரைக்கு, மூன்றாவது அந்த அறையிலேயே, இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட தாளைத் தின்று கக்குகிற பிரிண்டருக்கு. இதெல்லாம் பின்னாளில் நான் தெரிந்துகொண்டது. அந்த அறை என் நாற்காலியிலிருந்து எட்டடிதான். ஆனாலும் நான் உள்ளே போனதில்லை. கூப்பிட்டார்கள், மெஷின் சூடு மூச்சுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டேன்.

ஈப்போப் பையன் ஒரு வாரம் தங்கி அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு செக்ரோல் என்கிற ஆள் பதிவேடு முழுவதையும் உள்ளே ஏற்றினார். நான் விடவில்லை. பழைய செக்ரோலை வைத்துக்கொண்டு, மெஷின் சொல்வதை வரிவரியாக ஒத்துப் பார்த்தேன். ஒரு தப்புகூட இல்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது. நான் துருவித் துருவிக் கேட்பதை அக்கா ஆசையாக எடுத்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது; அவருக்கும் அதைப் பற்றிப் பேச ஆள் வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம், அந்த மெஷினில் ஒரு வேலையைத் தொடங்குமுன் வாயகன்ற அம்புக்குறி ஒன்றைப் போட்டு, அது கொடுப்பதெல்லாம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று எழுதிவிட வேண்டும் என்றார். போடாவிட்டால், தொடங்கியவர் திரையிலேயே எல்லாம் வந்து கொட்டும். நடுவில் மாற்றினால் என்ன என்று கேட்டேன். “கெளம்பும்போதே சொல்லணும் கிராணி. ஓட ஆரம்பிச்சிட்டா அதுக்குக் காது கேக்காது லா” என்றார். கேட்காத ஒன்றை எதற்கு ஆபீஸில் வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார்.

செக்ரோல் முடிந்ததும், எந்த வீடு யார் பேரில் என்று எழுதிவைத்த வீட்டுப் புத்தகத்தையும் ஏற்றச் சொன்னார்கள். தோட்டத்து வீட்டுக்கு ஒரே சட்டம்தான்: வீட்டில் ஒருவராவது செக்ரோலில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதற்குமுன் யாரும் அவ்வளவு கறாராகப் பார்த்ததில்லை. இப்போது மெஷின் இரண்டு புத்தகத்தையும் ஒத்துப் பார்த்து, வேலைக்காரர் இல்லாத வீடுகளை எடுத்துக் கொடுக்கப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. நான் ஆபீஸ் சம்பளக்காரன் என்பதால் என் பேர் செக்ரோலில் வராது. எங்கள் வீட்டுக்கு அம்மா ஒருவர்தான் கணக்கு. அதில் பயம் ஒன்றும் இல்லை, அம்மா ஒருநாள் தப்பாமல் வேலைக்குப் போகிறவர். ஆனால் மூன்றாவது லைன்காரர்கள் இருந்தார்களே. அவர்களுடைய கூரை ஒழுகி, எங்கள் லைனில் வீடு கொடுங்கள் என்று இரண்டு வருடமாகக் கங்காணி மூலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாரைத் தூக்கி எங்கே போடுவார்களோ என்று எங்கள் லைனில் எல்லோருக்குமே ஒரு கலக்கம்.

வீட்டுப் புத்தகத்தைப் பற்றி இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகத்தைக் கரையான் அரித்துவிட்டதென்று, மெஷின் வருவதற்கு முன்பே அதைப் புதிதாக எழுதியவன் நான். ஆங்கில எழுத்தில் நம் பேர்களை எப்படி எழுதுவது என்பது அந்தந்தக் கிராணியின் இஷ்டம். பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி இருக்கும். நான் படித்தவனாயிற்றே. இரண்டாவது லைனின் பேர்களை எழுதும்போது, அம்மா பேர் கடைசியில் ஒரு ‘எச்’ போட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்று போட்டேன். பக்கத்து வீட்டுப் பேர்களுக்கும் அப்படியே ஆங்காங்கே அழகு செய்தேன். என் கையெழுத்து அந்தத் தோட்டத்தில் பேர் போனது. அக்கா அந்தப் புத்தகத்தை உள்ளது உள்ளபடி மெஷினில் ஏற்றினார்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காலையில் துரை அக்காவைக் கூப்பிடாமல், கதவைச் சாத்திக்கொண்டு தானே தன் திரையிலிருந்து அந்த ஒத்துப்பார்க்கும் வேலையைத் தொடங்கினார். பேர்கள் வெளியே தெரியக்கூடாது என்பது தலைமை ஆபீஸின் கட்டளையாம். சாயங்காலம் கோலாலம்பூர் போகும் டிரைவர் கையில் லிஸ்டைக் கொடுத்தனுப்ப வேண்டும். பெரிய கிராணி பேக்டரிக்குப் போயிருந்தார். ஆபீஸில் அக்காவும் நானும் மட்டும். பதினொரு மணிவாக்கில் துரை கதவைத் திறந்து அக்காவைப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. அக்கா உள்ளே போனதும் கதவு மறுபடியும் சாத்திக்கொண்டது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் அக்கா வேகமாக வெளியே வந்தார், என்னைப் பார்க்கவில்லை, பெரிய கிராணி மேசையிலிருந்த டெலிபோனை நீளக் கம்பியோடு இழுத்துக்கொண்டு மெஷின் அறைக்குள் போய்விட்டார். என்னைப் பார்க்காமல் போனதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

உள்ளேயிருந்து ஈப்போவுக்கு எண் சுழற்றும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் மெல்லிய குரல். பிறகு அக்கா துரையின் அறைப்பக்கம் திரும்பி, இப்போது அப்படியே பிடித்து நிறுத்துங்கள் என்று மலாயில் சத்தமாகச் சொன்னார். எதையோ பிடுங்கும் ஓசை. எதையோ அழுத்தித் திருகும் ஓசை. அறைக்குள்ளிருந்த பிரிண்டர் ஒருமுறை கீச்சிட்டது, பிறகு விடாமல் அடிக்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை மீறிக் கேட்கும்படி அக்கா டெலிபோனில் கொஞ்சம் உரக்கப் பேசினார்.

“நீ சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன் தம்பி. லைன் ரெண்டுல இருந்தத வெளிய எடுத்துட்டேன். லைன் மூணுல இருந்தத அங்க போட்டாச்சு. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு லா. ஒண்ணுமே தெரியல அதுக்கு.”

கேட்டதை மனதுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது லைனில் இருந்ததை வெளியே எடுத்தாகிவிட்டது, மூன்றாவது லைனில் இருந்ததை அங்கே போட்டாகிவிட்டது. எங்கள் வீடுகளை மூன்றாவது லைன்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள், எங்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, அதை டெலிபோனில் யாருக்கோ சொல்லிச் சந்தோஷப்படுகிறார். இதில் இன்னொன்று என்னைக் கொதிக்க வைத்தது. ‘இருந்தவங்கள’ என்று சொல்லவில்லை, ‘இருந்தத’ என்றார். இருபது குடும்பம், மனுஷரை அஃறிணையில் பேசுகிறாரே, லைன்காரர் என்றால் அவ்வளவு இளக்காரமா என்று நினைத்தேன். தமிழ் இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். மனுஷரைச் சொல்லவில்லை, அதனால்தான் அஃறிணை என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. சந்தேகம் பிடித்தவனுக்கு இலக்கணம்கூடச் சாட்சி சொல்ல வந்துவிடும்.

பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் ஓடினேன். அம்மா மேட்டுக் காட்டில், மற்றப் பெண்களோடு தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். நம் லைனைக் காலி செய்யப்போகிறார்கள், டைப்பிஸ்டு வாயாலேயே கேட்டேன், பேரெல்லாம் மெஷினில் ஏறிவிட்டது. சுற்றியிருந்த பெண்கள் சாப்பாட்டை மூடினார்கள். ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அம்மா மட்டும் கையைக் கழுவாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் முன்பு, அம்மாவின் கை வெடிப்புக்கு என்று அக்கா எனக்கே தெரியாமல் கம்போங் ராஜாவிலிருந்து ஒரு களிம்பு வாங்கிக் கொடுத்திருந்தார் என்பது அதற்கப்புறம்தான் எனக்குத் தெரியவந்தது.

“அந்தப் புள்ள அப்படிச் செய்யாதுடா” என்றார் அம்மா. “அவகிட்டயே நேரா கேட்டியா?”

கேட்டால் உண்மையையா சொல்லப்போகிறார் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டு, கீழே இறங்கி வந்து, ஒன்றும் நடக்காதது போல என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். பிரிண்டர் அப்போதும் அடித்துக்கொண்டிருந்தது. கதவு இடுக்கில் பார்த்தேன். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் அக்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இறங்கி வரும் தாளை மடியில் வாங்கி, பென்சிலால் என்னவோ குறித்துக்கொண்டிருந்தார். பேர்களை அடிக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

மூன்று மணிக்குக் கொழுந்து நிறுக்கப் போக வேண்டிய பெண்கள், கூடையோடு நேராக ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. மூடுபனி இறங்கி, பின்வரிசையில் நிற்பவர்கள் முகம்கூடத் தெரியவில்லை. முன்னால் நின்றவள் மட்டும், எங்கள் லைனை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டாள். துரை வெளியே வந்தார். அவர் கையில் அந்தத் தாள் இருந்தது. அதைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், பிறகு திரும்பி அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது. எந்த வீட்டையும் எடுக்கப்போவதில்லை, பேரில் எழுத்துப் பிழை இருக்கிறது, திருத்தி அனுப்புகிறேன் என்று கூட்டத்திடம் சொன்னார். பெண்கள் நம்பியும் நம்பாமலும் கலைந்தார்கள். நாங்கள் திரண்டதால்தான் துரை பின்வாங்கினார் என்று அன்று சாயங்காலம் லைனெல்லாம் ஒரே பேச்சு. என் முதுகில் எத்தனை கை தட்டியது என்று எனக்கே தெரியாது.

மறுநாள் காலையில் பெரிய கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். லிஸ்டு விஷயம் வெளியே போனது எப்படி என்று துரை கேட்கிறார், உனக்கு ஏதாவது தெரியுமா என்றார். நான் பொய் சொல்லவில்லை. அது எனக்கு வெகுநாள் பெரிய ஆறுதலாக இருந்தது. “தாளு அக்கா கையிலதாங்க இருந்துச்சு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது” என்றேன். முதல் பாதி அப்படியே உண்மை. அந்த ஒரு வரி எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்துதான் சொன்னேன். எங்கள் வீட்டைப் பிடுங்கப் பார்த்தவருக்கு இது தகும் என்று நினைத்தேன். அந்த வாரமே அக்காவின் வேலை போனது. சனிக்கிழமை மத்தியானம் அவர் தன் சர்க்கரை டின்னையும் ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு, டைப் மெஷினுக்கு உறை போட்டுவிட்டுக் கிளம்பினார். அழவில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று, “வர்றேன் கிராணி. அம்மாவ கேட்டேன்னு சொல்லு” என்றார். இதிலும் ஏதோ குத்தல் இருக்கிறது என்று அந்த வாக்கியத்தைப் பல நாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

அவர் இடத்துக்கு என்னை மெஷின் பழகச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். தானா ரத்தாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். நான் பழையபடி பேரேடும் பேனாவுமாக இருந்துகொண்டேன். கல்யாணம், கோயில் திருவிழா என்று நாலு பேர் கூடும் இடத்திலெல்லாம், நான் எப்படி ஒட்டுக்கேட்டு ஒரு லைனையே காப்பாற்றினேன் என்ற கதையைச் சொல்லச் சொல்வார்கள். சொல்லச் சொல்ல அதில் மெருகு ஏறியது. அம்மா இருக்கும் இடத்தில் மட்டும் அந்தக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வராது. சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

எண்பதுகளின் கடைசியில் அந்த மெஷினுக்கு ஆயுள் முடிந்தது. புதியது வரப்போகிறது, பழையதை லோரியில் ஏற்ற வேண்டும், அறையில் இருப்பதை ஒன்றுவிடாமல் எழுதிக்கொடு என்று என்னிடம் வேலை வந்தது. அப்போதுதான் முதல் தடவையாக அந்த எட்டடியைத் தாண்டி உள்ளே போனேன். பெட்டியின் பின்பக்கம் எப்படி இருக்கிறதென்று குனிந்து டார்ச் அடித்தேன். தகரத்தில் வரிசையாக மூன்று துளைகள். ஒவ்வொன்றுக்கும் மேலே வெள்ளை எழுத்தில் அச்சடித்திருந்தது: லைன் 1, லைன் 2, லைன் 3. மூன்றிலும் ஒவ்வொரு கம்பி சொருகியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்திரித் துண்டு, அக்காவின் கையெழுத்து. இரண்டாவது கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போனேன். அது சுவர் வழியாகத் துரையின் மேசைக்குப் போனது. மூன்றாவது பிரிண்டருக்கு. அன்றைக்கு அக்கா டெலிபோனில் சொன்ன லைன் ரெண்டும் லைன் மூணும் இவைதான்.

துரை அம்புக்குறி போட மறந்திருக்கிறார், அவ்வளவுதான். பேர்கள் அவர் திரையில் கொட்டி, மேலே மேலே ஏறி மறைந்துகொண்டிருந்திருக்கின்றன. நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், சாயங்காலத்துக்குள் முடியாது. ஓடுகிற வேலையோ சொன்னால் கேட்காது. அதனால் அக்கா அதைத் திரையிலேயே பிடித்து நிறுத்திவைக்கச் சொல்லி, இரண்டாவது துளையிலிருந்து துரையின் கம்பியைப் பிடுங்கி, மூன்றாவதில் இருந்த பிரிண்டர் கம்பியை அங்கே சொருகியிருக்கிறார். பிரிண்டரின் பொத்தானை அழுத்தினால் போதும், மேலே ஓடலாம் என்று பிரிண்டரே அந்த வேலைக்குச் சொல்லிவிடுமாம். இதைப் பின்னால் தானா ரத்தாப் பெண் விளக்கினாள். நிறுத்தியது யார், போகச் சொன்னது யார் என்று ஓடுகிற வேலைக்குத் தெரியாது. ‘ஒண்ணுமே தெரியல அதுக்கு.’

அந்தத் தாளும் கிடைத்தது. துரை முந்தின வருடமே வேறு தோட்டத்துக்கு மாற்றலாகியிருந்தார். அவருடைய பழைய பைல்கள் அதே அறை அலமாரியில் கிடந்தன. லிஸ்டு ஒரு பேரின் நடுவிலிருந்து தொடங்கியது, அதற்குமுன் உள்ளதெல்லாம் திரையோடு போனது. முதல் தாளிலேயே இரண்டாவது லைன், ஏழாம் நம்பர். வேலைக்காரர் இல்லாத வீடு. வீட்டுப் புத்தகத்தில் அம்மா பேருக்கு ஒரு எச் இருந்தது, செக்ரோலில் இல்லை. மெஷினுக்கு இரண்டும் வேறு வேறு ஆள். நான் அழகு பார்த்த பேர்கள் பதினொன்றும் வரிசையாக அதில் இருந்தன. பதினொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலில் ஒரு கோடு. அம்மா பேருக்கு நேரே மட்டும் மலாயில் ஒரு வரி: ஒரே ஆள்தான், எழுத்துதான் வேறு, எங்கள் சின்னக் கிராணியின் அம்மா, தினமும் வேலைக்கு வருகிறார். திரையில் ஏறி மறைந்திருந்தால் இதை யார் பார்த்திருப்பார்கள்? அந்தப் பென்சில் வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். அருகில் துரையின் ஆங்கிலம்: டைப்பிஸ்டுதான் வெளியே சொல்லியிருக்கிறாள்.

எனக்காக எழுதிய வரியைத்தான் அவருக்கு எதிராக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மேலே என் வாயிலிருந்து போன ஒரு வரி. நான் அந்த அறையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தினால் வரும் அழுகை வேறு மாதிரி, அது அடுத்தவர் காதுக்கு எட்டாமல் வருவது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். கியா பார்ம் வளைவுகளிலெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். கம்போங் ராஜாவில், அண்ணனுடைய கொட்டகையில், அக்கா கோஸ் இலைகளை உரித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். கை முழுக்க மண். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வா கிராணி” என்று ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். அம்மா எப்படி இருக்கிறார், கை வெடிப்பு ஆறியதா என்று கேட்டார். நான் மனப்பாடம் செய்ததில் ஒன்றும் வரவில்லை. அன்றைக்குப் போனில் நீங்கள் பேசியது என் காதில் விழுந்தது, நான்தான் என்று தொடங்கினேன். அவர் நிமிராமலே ஒரு இலையை உரித்தார்.

“தெரியும் லா. அந்த நேரத்துல ஆபீஸ்ல நீ ஒருத்தன்தானே இருந்த.”

லோரி வந்து நின்றது, ஆட்கள் கூடைகளை ஏற்றினார்கள். என்னைப் பற்றித் துரையிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் உன் வேலை போகும், உன் அம்மா லைனில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார் என்றார். கோபமாகக்கூட இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. நான் எழுந்து நின்றபோது ஒரு பெரிய கோஸைப் பையில் போட்டுக் கையில் கொடுத்தார். கையில் வாங்கும்போதுகூட, இதை எதற்குக் கொடுக்கிறார் என்று என் மனது ஒரு கணம் கேட்டது. அந்தப் புத்தியை என்ன செய்வது?

“நீ உள்ள வந்து கேட்டிருந்தா காட்டிருப்பேன் கிராணி. பின்னாலயே எழுதியிருக்குமே” என்றார்.

அந்தக் கோஸை அம்மா முன்னால் வைத்து, நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த எச்சையும் சொன்னேன். அம்மா கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். “அன்னைக்கே கேட்டேனேடா” என்று மட்டும் சொல்லிவிட்டு, கோஸை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அதே ஏழாம் நம்பர் அடுப்படி. அம்மா சாகும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார். லைனில் எல்லோரிடமும் உண்மையை நானே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சிலரிடம் சொன்னேன். மற்றவர்களுக்கு நான் இன்றும் லைனைக் காப்பாற்றியவன்தான்.

லோரியில் ஏற்றும் சாமான் பட்டியலில் கம்பி மூன்று என்று எழுத வேண்டிய இடத்தில் இரண்டு என்று எழுதினேன். எழுதாமல் விட்ட அந்த ஒன்று இதோ, மேசைமேல் கிடக்கிறது. பிளாஸ்திரி பழுப்பாகிவிட்டது, நீல மை மட்டும் இன்னும் மங்கவில்லை. நேற்று என் மனைவி மறுபடியும் கேட்டாள், அப்படி இதில் என்னதான் இருக்கிறது என்று. எழுதியிருக்கிறது பார் என்றேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் படித்துவிட்டாள். படிக்க அவ்வளவுதான் ஆகும். அன்றைக்கு இது என் நாற்காலியிலிருந்து எட்டடியில்தான் இருந்தது.